‘500 வாட்’ ஸ்டிக்கரை நம்பலாமா? மலிவு எஸ்எம்பிஎஸ்ஸை எடை போடும் வழி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

கிராஃபிக்ஸ் கார்டு எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் இன்னைக்கு முழுசா எடுத்துக்கப் போறேன். திருநெல்வேலியில இருந்து ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "ஐ5-12400எஃப், ஆர்டிஎக்ஸ் 3060 வெச்சு தம்பிக்கு ஒரு பிசி அசெம்பிள் பண்றோம். கேபினெட்டோட 500 வாட் எஸ்எம்பிஎஸ் ஃப்ரீயா வருது, அதுவே தாராளம்னு கடைக்காரர் சொல்றார். தனியா வாங்கினா இன்னும் ரெண்டாயிரம் மூவாயிரம் ஆகுது. தேவையா?" கூடவே அந்த எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. ரொம்ப நல்ல காரியம் பண்ணாங்க. ஏன்னா பதில் அந்த ஸ்டிக்கர்லயே இருக்கு.

ஸ்டிக்கர்ல பெரிய எழுத்துல 500 வாட். அதுக்குக் கீழே பொடி எழுத்துல ஒரு அட்டவணை. 3.3 வோல்ட்டுக்கு 20 ஆம்ப், 5 வோல்ட்டுக்கு 22 ஆம்ப், 12 வோல்ட்டுக்கு 16 ஆம்ப், மைனஸ் 12 வோல்ட்டுக்கு அரை ஆம்ப், ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டுக்கு 2 ஆம்ப். வோல்ட்டை ஆம்பால் பெருக்கினா வாட். ஸ்கூல்ல படிச்சதுதான். 66, 110, 192, 6, 10. கூட்டுங்க: 384. அதாவது எல்லா லைனையும் ஒரே நேரத்துல உச்சத்துக்கு ஓட்டினாலும் 500 வராது. நல்ல யூனிட்ல 3.3-உம் 5-உம் சேர்ந்து இவ்வளவுதான் தரும்னு ஒரு கூட்டு வரம்பும் போட்டிருப்பாங்க. இதுல அந்த வரியே இல்லை. அதையும் போட்டிருந்தா கூட்டுத்தொகை இன்னும் இறங்கும்.

அப்போ 500-ங்கிறது எங்கே இருந்து வந்தது? சில பேர் "அது பீக் வாட்"னு சொல்வாங்க. சில நொடி தாங்குற அளவுன்னு அர்த்தம். பல நேரத்துல அது அந்த மாடலோட பேர், அவ்வளவுதான். 'சூப்பர் 500'னு ஒரு பெயர் வெச்சா அதுல எவ்வளவு மின்சாரம் இருக்கோ, அதே அளவுதான் இதுலயும் இருக்கு.

ஆனா இந்த 384-ஐக்கூட நான் பார்க்க மாட்டேன். எனக்கு வேண்டியது 12 வோல்ட் வரி மட்டும்தான். காரணம் சொல்றேன்.

1990-கள்ல கம்ப்யூட்டரோட ப்ராசஸர் 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்கள்ல இருந்துதான் கரண்ட் எடுத்தது. 12 வோல்ட் ஹார்ட் டிஸ்க் மோட்டாருக்கும் ஃபேனுக்கும்தான். 2000-ல பென்டியம் 4 வந்தப்போ இது தலைகீழாச்சு. ப்ராசஸர் கேட்ட கரண்ட்டை 5 வோல்ட்ல கொடுக்கணும்னா ஒயர் தடிமனா வேணும், இழப்பும் அதிகம். அதனால இன்டெல் 12 வோல்ட்டை ப்ராசஸருக்குத் தனியா கொண்டுவந்தது. மதர்போர்டு மேல் மூலையில சதுரமா ஒரு நாலு பின் கனெக்டர் பார்த்திருப்பீங்க, அதோட பிறப்பு அப்போதான். இன்னைக்கு ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டுமே ஏறக்குறைய முழு பவரையும் 12 வோல்ட்ல இருந்துதான் எடுக்குது. 5 வோல்ட் பக்கம் யுஎஸ்பி, எஸ்எஸ்டி மாதிரி சின்னச் சின்ன செலவு.

மலிவு எஸ்எம்பிஎஸ் பல இன்னும் அந்தப் பழைய காலத்து டிசைன்லயே நிக்குது. ரெண்டு 13007 டிரான்சிஸ்டர், டிஎல்494 வகை கன்ட்ரோலர் ஐசி, 5 வோல்ட் பக்கம் கனமா ஒரு சர்க்யூட். ஓடாதுன்னு இல்லை, ஓடும். ஆனா பலம் எல்லாம் நமக்கு வேண்டாத பக்கத்துல இருக்கு. நமக்கு வேண்டிய பக்கத்துல 16 ஆம்ப், அதாவது 192 வாட்.

இப்போ தம்பியோட பிசி எவ்வளவு கேட்கும்? 12400எஃப்-க்கு இன்டெல் சொல்ற டர்போ உச்சம் 117 வாட். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட். ரெண்டும் சேர்ந்து 287. பன்னிரண்டால் வகுத்தா கிட்டத்தட்ட 24 ஆம்ப். ஸ்டிக்கரே 16 ஆம்ப்தான்னு ஒப்புக்கொள்ளுது. அந்தப் 16-ஐயும் சென்னை, திருநெல்வேலி மே மாச வெயில்ல, கேபினெட்டுக்குள்ள இருக்கிற சூட்டுல முழுசா தருமாங்கிறது தனிக் கேள்வி.

கேம் ஆடும்போது ரெண்டும் எப்பவும் ஒரே நேரத்துல உச்சத்துக்குப் போகாதுன்னு நீங்க சொல்லலாம். சரிதான். ஆனா கிராஃபிக்ஸ் கார்டு மில்லி செகண்ட் கணக்குல தன்னோட 170 வாட்டைத் தாண்டியும் துள்ளும். 3060-க்கு என்விடியா 550 வாட் சப்ளை போடச் சொல்றதுக்கு இந்தத் துள்ளல் ஒரு காரணம். மத்த பாகங்களுக்கும், வாங்குறவங்க கையில இருக்கிற சுமாரான சப்ளைகளுக்கும் சேர்த்து விட்ட இடைவெளியும் அதுல இருக்கு.

சரி, பவர் பத்தலைன்னா என்ன ஆகும்? நல்ல சப்ளையா இருந்தா தன்னை அணைச்சுக்கும். கேம் நடுவுல பிசி பொட்டுன்னு ஆஃப் ஆகும், கோபம் வரும், அதோட சரி. ஓவர் கரண்ட், ஓவர் பவர், ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகள் அதுக்குத்தான். மலிவு யூனிட்ல செலவைக் குறைக்கக் கை வைக்கிற முதல் இடங்கள்ல இதுவும் ஒண்ணு. பாதுகாப்பு சரியில்லாத சப்ளை சாகும்போது 12 வோல்ட் லைன் ஏறிப்போய் மதர்போர்டு, கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாத்தையும் கூட்டிட்டுப் போகலாம். ஆயிரம் ரூபாய் பாகம் ஐம்பதாயிரம் ரூபாய் பிசியைக் கொல்றது இப்படித்தான். வாரன்ட்டியில எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திக் கொடுப்பாங்க. ஹார்ட் டிஸ்க்ல இருந்த கல்யாண போட்டோவையும் காலேஜ் ப்ராஜெக்ட்டையும் யார் மாத்திக் கொடுப்பாங்க?

கடையில் என்ன பார்க்கலாம்

முதல்ல, கடைக்காரர் செய்ற டெஸ்ட். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு கம்பியால சேர்ப்பார், ஃபேன் சுத்தும், "வொர்க்கிங் சார்"ம்பார். அது செத்துப்போகலைன்னு மட்டும்தான் அந்த டெஸ்ட் சொல்லும். லோடே இல்லாம ஃபேன் சுத்துறதுக்கும் 24 ஆம்ப் கொடுக்கிறதுக்கும் சம்பந்தமே இல்லை.

கையில தூக்கிப் பார்க்கிறது பழைய வழி. ரிச்சி ஸ்ட்ரீட்ல இன்னும் நிறைய பேர் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறாங்க. முழுக்க மூடநம்பிக்கைன்னு சொல்ல மாட்டேன். ஹீட் சிங்க், டிரான்ஸ்ஃபார்மர், காயில், கெப்பாசிட்டர் எல்லாமே எடை உள்ளது. தகர டப்பா மாதிரி லேசா இருந்தா உள்ளே சரக்கு இல்லைன்னு தைரியமா சொல்லலாம். ஆனா கனமா இருந்தா நல்லதுன்னு திருப்பிச் சொல்ல முடியாது. பாசிவ் பிஎஃப்சி போட்ட சில யூனிட்ல ஒரு பெரிய இரும்பு காயில் இருக்கும். எடை எல்லாம் அதுலதான். மத்தது அதே பழைய சர்க்யூட்.

அடுத்தது ஒயர். ஒயர் மேலயே பொடியா ஏடபிள்யூஜி-னு ஒரு எண் அச்சடிச்சிருக்கும். இதுல எண் சின்னதா இருந்தா ஒயர் தடிமன். 18 இருந்தா நல்லது. 20, 22-னு இருந்தா உள்ளேயும் அதே கஞ்சத்தனம்தான் இருக்கும்னு நினைச்சுக்கலாம். கனெக்டரையும் எண்ணுங்க. பவர் கேட்கிற கார்டுக்கு 6 பின் அல்லது 8 பின் பிசிஐ எக்ஸ்பிரஸ் கனெக்டர் வேணும். 6 பின் 75 வாட்டுக்கு, 8 பின் 150 வாட்டுக்கு. 500 வாட்னு சொல்லிக்கிட்டு அந்தக் கனெக்டரே இல்லைன்னா, தயாரிச்சவங்களுக்கே அந்த 500 மேல நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம். அப்போ கடைக்காரர் ஒரு மோலெக்ஸ் கன்வெர்ட்டர் ஒயர் எடுத்துக் கொடுப்பார். வாங்காதீங்க. சின்ன ஒயர்ல பெரிய கரண்ட் போய் கனெக்டர் உருகுறது அங்கேதான்.

பின்பக்கம் 115/230-னு சிவப்பு சுவிட்ச் இருந்தா ஆக்டிவ் பிஎஃப்சி இல்லாத பழைய டிசைன்னு ஏறக்குறைய உறுதி. போற போக்குல ஒரு எச்சரிக்கை: நம்ம ஊர்ல அந்தச் சுவிட்சை 115-க்குத் தள்ளி ஆன் பண்ணினா 'டமால்'தான். சின்னப் பசங்க விரல் போற இடத்துல பிசி இருந்தா அது மேல ஒரு டேப் ஒட்டிடுங்க. சுவிட்ச் இல்லாத யூனிட்டா இருந்தா ஸ்டிக்கர்ல இன்புட் வரியைப் படிங்க. 100–240 வோல்ட்னு இருக்கலாம், 200–240-னும் இருக்கலாம். சாயங்காலம் ஆனா 170, 180-க்கு வோல்டேஜ் இறங்குற கிராமத்துப் பக்கம் இருக்கீங்கன்னா முதல் வகைதான் உங்களுக்கு. இதை யாரும் விளம்பரத்துல சொல்றதில்லை, ஆனா நம்ம ஊருக்கு ஆர்ஜிபி லைட்டைவிட இது ரொம்ப முக்கியம்.

பிஐஎஸ் முத்திரையும், 'ஆர்'னு தொடங்குற பதிவு எண்ணும் இருக்கான்னு பாருங்க. அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுச் சரிபார்க்கலாம். அது மின்சாரப் பாதுகாப்புக்கான பதிவு. வாட் கணக்கு உண்மையாங்கிறதுக்கு அது சாட்சி இல்லை.

80 ப்ளஸ் என்ன சொல்லுது, என்ன சொல்லலை

80 ப்ளஸ் சான்றிதழ்னா 20, 50, 100 சதவீத லோட்ல குறைஞ்சது 80 சதவீதம் எஃபிஷியன்சி. அதுக்கு மேல பிரான்ஸ், சில்வர், கோல்டுனு போகும். மலிவு யூனிட்டை எடை போடுறப்போ இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் எஃபிஷியன்சியே இல்லை. 100 சதவீத லோட்ல ஓட்டிக் காட்டியாகணும்ங்கிறதுதான். 500 வாட்னு எழுதி 200 வாட் தர்ற யூனிட் அந்த லேபைத் தாண்ட முடியாது. அதனால வாட் கணக்கு உண்மைங்கிறதுக்கு அது ஒரு நல்ல சாட்சி. லோகோவை மட்டும் நம்பாதீங்க, அதே மாதிரி வரைஞ்சு ஒட்டுறவங்களும் உண்டு. 80 ப்ளஸ் இணையதளத்துல மாடல் பட்டியல் இருக்கு. அதுல தேடுங்க.

ஆனா ரிப்பிள் எவ்வளவு, பாதுகாப்பு வேலை செய்யுதா, கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்ங்கிறதை எல்லாம் 80 ப்ளஸ் பார்க்கிறது இல்லை. 2021-ல ஜிகாபைட்டோட பி750ஜிஎம், பி850ஜிஎம் மாடல்கள் 80 ப்ளஸ் கோல்டு வாங்கினவைதான். கேமர்ஸ் நெக்சஸ் யூடியூப் சேனல் டெஸ்ட் பண்ணினப்போ வெடிச்சது. ஓவர் பவர் பாதுகாப்பு 120-லிருந்து 150 சதவீதத்துல செயல்படும்படி இருந்ததை 110-லிருந்து 120-க்குக் குறைச்சோம்னு ஜிகாபைட் அறிவிச்சு, குறிப்பிட்ட யூனிட்டுகளை மாத்திக் கொடுக்கவும் முன்வந்தது. பெரிய பிராண்டு, கோல்டு ஸ்டிக்கர், ரெண்டும் இருந்தும் இப்படி. அதனாலதான் பிராண்டைக் கேட்காதீங்க, மாடலைக் கேளுங்கன்னு சொல்றேன். ஒரே கம்பெனியோட 450 வாட் மாடல் அருமையாவும் அதோட 500 வாட் மாடல் குப்பையாவும் இருக்கலாம். பல பிராண்டுகள் சொந்தமா தயாரிக்கிறதே இல்லை, வேற வேற தொழிற்சாலையில வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுறாங்க. சைபெனடிக்ஸ் மாதிரி லேப்கள் மாடல் வாரியா அளந்த ரிப்போர்ட்டை இணையத்துல போடுறாங்க. வாங்குறதுக்கு முன்னாடி மாடல் எண்ணைப் போட்டுத் தேடுறதுக்குப் பத்து நிமிஷம் ஆகும்.

வாங்கின பிறகு, வீட்டில்

ஏற்கனவே ஒரு மலிவு யூனிட் ஓடிக்கிட்டு இருக்குன்னா? டப்பாவைத் திறக்காதீங்க. நம்ம 230 வோல்ட்டை டிசி ஆக்கினா உள்ளே கெப்பாசிட்டர்ல சுமார் 325 வோல்ட் நிக்கும். ஆக்டிவ் பிஎஃப்சி இருந்தா அதுக்கும் மேல. ஒயரைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஃபேன் கிரில் வழியா டார்ச் அடிச்சுப் பார்த்தாலே போதும். ஒயர் நுழையுற பக்கத்துல பாகங்கள் பொருத்த வேண்டிய இடம் காலியா, அங்கே வெறும் ஜம்பர் கம்பி போட்டிருந்தா, இன்புட் ஃபில்டரை விழுங்கிட்டாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்.

மல்டிமீட்டர் இருந்தா ஒரு உருப்படியான சோதனை பண்ணலாம். கேம் ஓடுறப்போ, சும்மா தொங்குற மோலெக்ஸ் கனெக்டர்ல மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவுல அளங்க, அடுத்து சிவப்புக்கும் கறுப்புக்கும். முனை ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசாம ஜாக்கிரதை. ஏடிஎக்ஸ் தரப்படி 12 வோல்ட் லைன் 11.4-ல இருந்து 12.6-க்குள்ள இருக்கணும். 5 வோல்ட் லைன் 4.75-ல இருந்து 5.25-க்குள்ள. பழைய டிசைன்ல ரெண்டு லைனையும் சேர்த்து ஒரே கன்ட்ரோல்தான் சரிபண்ணும். நம்ம பிசி 12-ஐ மட்டும் இழுக்கிறதால 12 இறங்கும், 5 ஏறும். 12 வோல்ட் 11.5-க்கு வந்து, 5 வோல்ட் 5.2-க்குப் போச்சுன்னா எல்லைக்குள்ள இருக்குன்னு சந்தோஷப்படாதீங்க, அது மூச்சு வாங்குது. ரிப்பிளை மட்டும் மல்டிமீட்டர்ல நம்பி அளக்க முடியாது. 12 வோல்ட்ல 120 மில்லி வோல்ட்டுக்குள்ள இருக்கணும்னு தரம் சொல்லுது, ஆனா அதைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேணும்.

நிறைய பேர் கேட்கிற இன்னொண்ணு. "இன்வெர்ட்டர் இருக்கு, ஆனாலும் கரண்ட் போனா பிசி ரீஸ்டார்ட் ஆகுது." கரண்ட் போன பிறகு எஸ்எம்பிஎஸ் தன்னோட கெப்பாசிட்டர்ல இருக்கிற சார்ஜை வெச்சு முழு லோட்ல சுமார் 16 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கணும். அதுக்குள்ள இன்வெர்ட்டர் மாறிடணும். இன்வெர்ட்டர்ல யூபிஎஸ் மோடுக்கு ஒரு சுவிட்ச் இருந்தா முதல்ல அதைப் போடுங்க. போட்டும், பிரவுசிங் பண்றப்போ தாங்கி, கேம் ஆடுறப்போ மட்டும் ரீஸ்டார்ட் ஆச்சுன்னா, உள்ளே கெப்பாசிட்டர் சின்னதுன்னு சந்தேகப்படலாம். இதுல இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. சாம்பல் நிற ஒயர்ல 'பவர் குட்'னு ஒரு சிக்னல் மதர்போர்டுக்குப் போகும். வோல்டேஜ் எல்லாம் சரியா இருக்குன்னு சப்ளை கொடுக்கிற வாக்கு அது. கரண்ட் போறப்போ, வோல்டேஜ் சரியுறதுக்கு முன்னாடியே அந்த சிக்னல் விழணும். சில மலிவு யூனிட்ல அந்த ஒயரை 5 வோல்ட்டோட சும்மா கட்டி விட்டிருப்பாங்க. என்ன நடந்தாலும் "எல்லாம் நலம்"னுதான் சொல்லும்.

இதுக்கு நேர் எதிரா, நல்ல சப்ளை மேல விழுற ஒரு வீண்பழியும் இருக்கு. "புது எஸ்எம்பிஎஸ் போட்டதுல இருந்து கேபினெட்டைத் தொட்டா சுர்ருங்குது, பழசுல இல்லை." டெஸ்டர் வெச்சா லைட்டும் எரியும். ஒழுங்கான இன்புட் ஃபில்டர்ல லைனுக்கும் பாடிக்கும், நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவுல குட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். வீட்டு சாக்கெட்ல எர்த் இல்லைன்னா பாடி சுமார் 115 வோல்ட்ல மிதக்கும். போற கரண்ட் ஒரு மில்லி ஆம்பில் சின்னப் பங்குதான், அதனாலதான் சுர்ருனு மட்டும் தெரியுது. பழைய யூனிட்ல அந்த ஃபில்டரே இல்லாததால ஒண்ணும் தெரியலை. எஸ்எம்பிஎஸ்ஸை மாத்தாதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபண்ணுங்க. உதறி அடிக்கிற அளவுக்கு ஷாக் இருந்தா அது வேற பிரச்சினை, உடனே பிளக்கைப் பிடுங்கிடுங்க.

நேயரோட கேள்விக்கு வர்றேன். உங்க பிசிக்கு அந்த ஃப்ரீ எஸ்எம்பிஎஸ் வேண்டாம். கேபினெட்டை எஸ்எம்பிஎஸ் இல்லாம எவ்வளவுன்னு கேளுங்க, கொஞ்சம் குறைப்பாங்க. 80 ப்ளஸ் பட்டியல்ல பேர் இருக்கிற, 12 வோல்ட்ல மட்டும் 500 வாட் பக்கம் தர்ற, அதாவது 40 ஆம்ப் பக்கம் போட்டிருக்கிற ஒரு 550 வாட் யூனிட் எடுங்க. பட்ஜெட் இடிக்குதுன்னா கண்ணாடி கேபினெட்டுல குறைங்க, ரேம்ல லைட் எரிய வேண்டாம்.

அதுக்காக மலிவு யூனிட் எல்லாமே குப்பைன்னு நான் சொல்லலை. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் பிசி மொத்தமா நூறு வாட்டைத் தாண்டுறதே அபூர்வம். டிடிபி கடையிலயும் பிரவுசிங் சென்டர்லயும் ஆயிரம் ரூபாய் எஸ்எம்பிஎஸ் வருஷக்கணக்கா ஓடுறது அதனாலதான். அங்கேயும் எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. கம்பெனிகள்ல இருந்து கழிச்ச டெல், ஹெச்பி டெஸ்க்டாப்ல வர்ற பழைய சப்ளைகள். ஸ்டிக்கர்ல 240, 290-னு அடக்கமா போட்டிருக்கும், ஆனா 12 வோல்ட்ல அந்த 'சூப்பர் 500'ஐவிட அதிகம் தரும். ஒரே சிக்கல், கனெக்டரும் அளவும் பல மாடல்ல தனி ரகம், சாதாரண மதர்போர்டுல சேராது. பின் வரிசையைச் சரிபார்க்காம மாட்டிடாதீங்க.

உங்க எஸ்எம்பிஎஸ்ல சந்தேகம் இருந்தா ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. மேல இருக்கிற பெரிய எண் தெரியலைன்னாலும் பரவாயில்லை, 12 வோல்ட் வரி தெளிவா தெரியணும்.